பிங்காளி

ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்போது ஒரு பிங்காளி இருப்பார். சென்னையானால் பெருங்குடி முதல் பெருங்களத்தூர் வரை பிளாக்குக்கு ஒருவர் நிச்சயம். அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் லேப்டாப்பில் படம் பார்ப்பார்கள். இவர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வரிக்கு வரி ஒரே வாசகம், ஓரத்தில் ஒரு எண் மட்டும் மாறும். நடுவில் திடீரென்று 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று ஒரு வரி விழுந்தால் முகம் மலர்ந்துவிடும். அனுப்பிய பாக்கெட் ஒன்று, அதாவது தரவுத் துணுக்கு ஒன்று, திரும்பி வரவில்லை என்பது அதன் பொருள். நஷ்டத்தில் இப்படிச் சந்தோஷப்படுகிறவரை வேறெந்தத் துறையிலும் பார்ப்பது கடினம். லிஃப்டில் யாராவது அகப்பட்டால் "இன்னைக்கு லாஸ் மூணு பர்சென்ட் சார்" என்பார். "மூணுதானே? என் மியூச்சுவல் ஃபண்டு பதினொண்ணு" என்று அவர் ஆறுதல் சொல்வார். இருவரும் மனநிறைவோடு அவரவர் தளத்தில் இறங்கிக்கொள்வார்கள்.

இவருக்கு வேறு வேலை இல்லை என்பது குடியிருப்பு வாட்ஸப் குழுவின் ஒருமித்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை. இவர் சொல்லும் நோய் உண்மையானது. கையிலிருக்கும் கருவி சரியானது. அதை நாள் முழுக்க ஓடவிடுவதற்குக்கூடக் கணக்கில் நியாயம் இருக்கிறது. கோளாறெல்லாம் ஒரே இடத்தில்தான்: இவருடைய சந்தேகம் நடந்து போகும் திசையில். அந்த ஒரு கோளாறை எடுத்துவிட்டால் பிங்காளி என்ற ஜாதியே இருக்காது. வீட்டுக்கு உபயோகமான ஒரு மனிதர் மட்டும்தான் மிஞ்சுவார்.

முதலில் நோய். "ஸ்பீடு டெஸ்ட்ல நூறு எம்பி காட்டுது, அப்புறம் என்ன சார் குறை?" என்பது எதிர்க்கட்சியின் நிரந்தரக் கேள்வி. வேகச் சோதனை காட்டும் அந்தப் பெரிய எண், தொலைந்த பாக்கெட்டைப் பற்றி வாயே திறக்காது. அது பெரும்பாலும் டிசிபி முறையில், ஒரே சமயத்தில் பல இணைப்புகளைத் திறந்து தரவை இழுக்கிறது. டிசிபியில் ஒரு பாக்கெட் வழியில் காணாமல் போனால் அனுப்பிய முனை அதை மறுபடி அனுப்பிவிடும். ஓர் இணைப்பு தடுமாறும்போது மற்றவை ஓடி ஈடுகட்டிவிடும். கடைசியில் கூட்டுத்தொகை மட்டும் திரையில் வரும். வீடியோ அழைப்புக்கு இந்தச் சொகுசு கிடையாது. பேச்சை 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, வினாடிக்கு 50 பாக்கெட்டுகளாக அனுப்புவது வழக்கம். தாமதமாக வரும் துண்டும் தொலைந்த துண்டும் அங்கே ஒன்றுதான், ஏனென்றால் பேச்சு அதற்குள் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் இரண்டு வினாடிக்கு ஒரு துண்டு போயிற்று. தனித்தனியாகப் போனால் மென்பொருள் பூசி மெழுகிவிடும். ஆனால் பாக்கெட்டுகள் கூட்டமாகத் தொலைகிற பழக்கம் உள்ளவை. சேர்ந்தாற்போலப் பத்து போனால் 200 மில்லிவினாடி, ஏறக்குறைய ஓர் அசை. தமிழில் ஓர் அசை என்ன பாடு படுத்தும் என்பதை, நியூஜெர்சியில் இருக்கும் மகனிடம் "பணம் வேணுமா?" என்று கேட்டுவிட்டு "வே...ம்" என்ற பதிலோடு உட்கார்ந்திருக்கும் தகப்பனைக் கேட்டால் தெரியும். வேணுமா, வேணாமா? ஸ்பீடு டெஸ்ட் அப்போதும் நூறுதான் காட்டும்.

இது பிங்காளி கற்பனையில் கண்டுபிடித்த வியாதியும் இல்லை. 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே பிராட்பேண்டு என்று இந்தியாவில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்த 2006-லேயே, தரத்துக்கான விதிமுறை வகுத்த டிராய் அமைப்பு, பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டது. பிங்காளி இதை அறிவார். குழந்தைகள் பெயரை மறந்தாலும் அந்த ஒரு சதவீதத்தை மறக்க மாட்டார்.

அடுத்தது கருவி. ஒரு முகவரிக்குப் பாக்கெட் அனுப்பி, அது போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் பிங் என்ற நிரலை எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்கர். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில், வலைப்பின்னல் ஒன்று முரண்டு பிடித்ததால் ஒரே மாலையில் எழுதி முடித்தார். தன் பெயர் இதனால்தான் நிலைக்கப்போகிறது என்று தெரிந்திருந்தால் இன்னும் ஓரிரு நாள் உழைத்திருப்பேன் என்று பிற்பாடு சொன்னார். அந்த ஓரிரு நாளைப் பிங்காளிகள் உலகெங்கும் வட்டியோடு சேர்த்து உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸில் வெறுமனே பிங் என்று அடித்தால் நான்கு பாக்கெட் போய்வரும். நான்கும் வந்தால் 'லாஸ் இல்லை' என்று சாதாரண மனிதர் எழுந்துபோய்விடுவார். இங்கேதான் பிங்காளியின் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. உண்மையிலேயே நூற்றுக்கு ஒன்று தொலைக்கும் இணைப்பாக இருந்தாலும், நான்கே நான்கு அனுப்பினால் நான்கும் பத்திரமாகத் திரும்ப 96 சதவீத வாய்ப்பு உண்டு. நூறு அனுப்பினால்கூட ஒன்றும் தொலையாமல் தப்பிக்க 37 சதவீத வாய்ப்பு. முந்நூறு அனுப்பினால்தான் அது 5 சதவீதத்துக்கு இறங்கும். இழப்புகள் ஒன்றையொன்று சாராமல் நடப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு இது. இரவு எட்டு மணிக்கு மேல் தெருவே ஓடிடி பார்க்க உட்காரும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறைப் பிடிக்க இன்னும் நீண்ட கண்காணிப்பு வேண்டும். எனவே நிறுத்தச் சொல்லும்வரை ஓட மைனஸ் டி போட்டு, வினாடிக்கு ஒன்று வீதம் நாளைக்கு 86,400 பாக்கெட் அனுப்புவதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. "அது என்னங்க, ராத்திரி பகலா ஓடிட்டே இருக்கு?" என்று வீட்டில் கேட்டால் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லலாம். சொல்லிப் பயனடைந்தவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

இதுவரை சரி. இனிமேல்தான் அவர் மீதான வழக்கு. ஒரு பாக்கெட் இவர் வீட்டிலிருந்து கிளம்பும் வழியைப் பார்ப்போம். படுக்கையறை லேப்டாப், இரண்டு சுவர் தாண்டும் வைஃபை, டிவிக்குப் பின்னால் இருக்கும் ரூட்டர், ஜன்னல் ஓட்டை வழியாக வெளியேறும் ஃபைபர், தெரு மின்கம்பம், இணையக்காரரின் நிலையம், அதற்குப் பிறகு உலகம். இவருடைய சந்தேகம் இதே வழியில்தான் நடக்கிறது, தலைகீழாக. அது கிளம்பும் இடம் கடலுக்கடியில். செங்கடலில் கேபிள் அறுந்தது என்று எப்போதாவது செய்தி வந்திருக்கும். அன்றிலிருந்து இவர் வீட்டில் எது தடங்கினாலும் காரணம் செங்கடல்தான். இதை மறுக்கும் சாட்சி இவருடைய திரையிலேயே வினாடிக்கு ஒரு வரியாக ஓடிக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை. கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு இவர் அனுப்பும் பிங் 10 மில்லிவினாடியில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10 மில்லிவினாடியில் மொத்தமே 2,000 கிலோமீட்டர்; போக ஆயிரம், வர ஆயிரம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கடலடிக் கேபிள் ஒருவழிக்கே சுமார் 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லிவினாடியாவது பிடிக்கும். கூகுள் அந்த ஒரே முகவரிக்குப் பல ஊர்களிலிருந்து பதில் சொல்ல வைத்திருக்கிறது. அருகிலிருப்பது பதில் சொல்லும். ஆக, இவர் அனுப்பும் பாக்கெட் உப்புத் தண்ணீரையே பார்த்ததில்லை. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர், எண்ணைப் படித்துக்கொண்டே, செங்கடலைத் திட்டுகிறார்.

கடலிலிருந்து கரையேறிய சந்தேகம் அடுத்துத் தங்குமிடம் இணைய நிறுவனத்தின் நடு ரூட்டர்கள். இதற்கென்று எம்டிஆர் என்றொரு நிரல் உண்டு. பாக்கெட் கடக்கும் ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாக எழுதி, எங்கே எத்தனை சதவீதம் பதில் வரவில்லை என்று அட்டவணை போட்டுக் காட்டும். ஐந்தாவது வரியில் 60 சதவீதம் என்று கண்டதும் பிங்காளி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சிவப்பில் வட்டம் போட்டுவிடுவார். கடைசி வரி சுழி என்று இருப்பதை அந்த வட்டம் தொடாது. நடு ரூட்டரின் வேலை பாக்கெட்டைத் தாண்டிவிடுவது. யார் அழைத்தாலும் 'இருக்கேன்' என்று பதில் சொல்வது அதற்கு ஒழிந்த நேரத்து வேலை, அதையும் வினாடிக்கு இத்தனைதான் என்று கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். ஐந்தாவது இடத்தில் நிஜமாகவே 60 சதவீதம் தொலைந்தால், அதைக் கடந்து வரவேண்டிய ஆறு, ஏழு, எட்டு எல்லாவற்றிலும் அந்த நஷ்டம் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லையென்றால் தொலைந்தது பாக்கெட் இல்லை, பதில் மட்டுமே. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் பாதிப் புகார்க் கடிதங்கள் எழுதப்படாமலே போயிருக்கும். ஆனால் கடிதம் போய்விடும். இணைப்பாக ஏழு படங்கள், நகலுக்கு மேல்முறையீட்டு அதிகாரி. பதிலாகப் பதினைந்து இலக்கத்தில் ஒரு புகார் எண்ணும், "சார், ரூட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற அழைப்பும் வரும்.

இந்த ரூட்டர் அறிவுரையைப் பிங்காளி தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வார். சில சமயம் அது வேலை செய்யும் என்பது அவருக்கு இன்னும் எரிச்சல். ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால் வீட்டுக்குள் வந்துவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். நாற்பது வீட்டு ரூட்டர்கள் இந்த மூன்றில் நெருக்கியடித்துக்கொண்டு பேசுகின்றன. போதாததற்கு அதே அலைவரிசைப் பக்கத்தில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் உட்கார்ந்திருக்கிறது. ரூட்டர் அணைந்து எழும்போது கொஞ்சம் காலியான சேனலைத் தேடிக்கொள்ளும். ஆகவே குணமாவது வைஃபை; பாராட்டு போவது நிறுவனத்துக்கு. வைஃபையில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. தொலைந்த பாக்கெட்டை அது தானே பலமுறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். அதனால் கோளாறு முதலில் நஷ்டமாகத் தெரியாது. 3, 4, 3, 180, 4 என்று நேரம் குதிக்கும். அந்த 180-தான் சுவர்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். லேப்டாப்பை ரூட்டரில் லேன் கேபிளால் செருகி, மூன்று ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் 192.168.1.1, ஒன்றில் நிறுவனத்தின் முதல் நிலையம், ஒன்றில் 8.8.8.8 என்று ஒரே நேரத்தில் ஓடவிட்டால் போதும். பிறகு கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையில் அதே மூன்று. முதல் ஜன்னலிலேயே பாக்கெட் தொலைந்தால் குற்றவாளி வீட்டுக்குள். முதல் ஜன்னல் சுத்தமாக இருந்து இரண்டிலும் மூன்றிலும் ஒரே நேரத்தில் தொலைந்தால் வாசலுக்கும் நிலையத்துக்கும் நடுவில். மூன்றாவதில் மட்டும் என்றால் அதற்கு அப்பால். அப்போது வேண்டுமானால் செங்கடலை நினைக்கலாம். அரை மணி நேர வேலை. வருடக் கணக்கில் பிங் ஓட்டுகிறவர் இந்த அரை மணி நேரத்தை மட்டும் ஒதுக்குவதில்லை. காரணம் அறியாமை என்று எனக்குத் தோன்றவில்லை. ரூட்டரை டிவிக்குப் பின்னால், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தது யார்? இவர். லேன் கேபிளுக்குத் தலை கிரிம்ப் செய்தது யார்? இவரே, யூடியூப் பார்த்து. 192.168.1.1 என்று அடிப்பது தன்னையே சாட்சிக்கூண்டில் ஏற்றுவது. மேலும் வீட்டுக்குள் பிடிபடும் குற்றவாளிக்குக் கடிதம் எழுத முடியாது, மேல்முறையீட்டு அதிகாரிக்கு நகல் போட முடியாது.

பிடிபடுவது சில சமயம் வைஃபைகூட இல்லை, பிள்ளைகளின் போன். சுற்றுலா போய்வந்த இரவு எடுத்த படமெல்லாம் மேகத்துக்கு ஏறத் தொடங்கும். வாசல் கேமரா அதன் பங்குக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மேலேற்றும் பாதை நிறைந்ததும் ரூட்டரில் வரிசை கட்டும், வரிசை நிறைந்ததும் மிச்சம் கொட்டும். கொட்டியதை எண்ணி இவர் அட்டவணையில் ஏற்றுவார். பாதை நிரம்பும்போது பாக்கெட் தொலைவது இணையத்தின் கோளாறே இல்லை, அதன் நடைமுறை. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில், 400 கஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் ஓடிய இடத்தில் 40 பிட் மட்டும் ஓடியது. தொலைந்ததை எல்லாரும் விடாமல் மறுபடி அனுப்பி நெரிசலைப் பெருக்கியதுதான் காரணம். வேன் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வின் சாரம் இது: பாக்கெட் தொலைந்தால் பாதை நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறை; பிறகு மெல்ல மெல்லக் கூட்டு; மறுபடி தொலையும்வரை கூட்டு. அதாவது டிசிபி தெரிந்தே முட்டிப் பார்த்துத்தான் ஓடுகிறது. பாதை காலியாக இருக்கும்போது சுழி கேட்பது நியாயம். வீட்டில் நாலு பேர் நாலு திசையில் இழுக்கும்போதும் சுழி கேட்கிறவர், கல்யாணப் பந்தியில் யார் இலையிலும் ஒரு பருக்கை சிந்தக்கூடாது என்கிறவர்.

இங்கே ஓர் ஆட்சேபணை எழும், நியாயமானது. நம் ஊரில் கோளாறு பெரும்பாலும் வெளியேதானே? கேபிள் மரத்தில் தொங்குகிறது, அணில் கடிக்கிறது, மழைநீர் வடிகால் தோண்டும் ஜேசிபி இழுத்துக்கொண்டு போகிறது. அப்படியிருக்க வீட்டுக்காரரைக் குற்றம் சொல்வது அநியாயம் இல்லையா? வெளியே கோளாறு நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஃபைபர் முனையில் தூசி ஏறினாலோ, ஜன்னல் கதவு இழையை நசுக்கினாலோ ஒளி மங்கும். ஃபைபர் வந்து நுழையும் வீட்டுப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவு எழுதியிருக்கும். மைனஸ் 20 டிபிஎம் சுற்றுவட்டாரம் என்றால் சுகம், மைனஸ் 27-ஐத் தாண்டி இறங்கினால் தள்ளாட்டம். ஆனால் வெளியே கோளாறு அதிகம் என்பதாலேயே உள்ளே சுத்தம் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமும் அதிகம். செங்கடலைக் குற்றம் சொல்லும் கடிதத்தைப் படித்து யாரும் லைன்மேனை அனுப்ப மாட்டார்கள். 'லேன் கேபிளில் ரூட்டர் வரை சுழி, அதற்கடுத்த நிலையத்துக்கு நாலு சதவீதம், ஒளி மைனஸ் 29' என்ற ஒற்றை வரிக்கு அனுப்பியாக வேண்டும்.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கூர்மையானது. மாதாமாதம் ஜிஎஸ்டியோடு கட்டணம் கட்டுகிறவர் எதற்காக இன்ஜினியர் வேலை பார்க்க வேண்டும்? பார்க்கக் கூடாதுதான். நிறுவனத்தின் சோதனை அதன் நிலையத்தில் தொடங்கி வீட்டுப் பெட்டியோடு நின்றுவிடுகிறது. பிங்காளியின் சந்தேகம் செங்கடலில் தொடங்கி அதே பெட்டிக்கு வெளியே வந்து நின்றுவிடுகிறது. பெட்டிக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள பத்து மீட்டர் இரு தரப்புக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. அந்தப் பத்து மீட்டரை அளக்க ஆள் கிடைக்காமல்தான் இருவரும் வருஷக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்துகிறார்கள். கடைசியில் லைன்மேன் வந்தாலும் மொழிச் சிக்கல். "தம்பி, நேத்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஜிட்டர் எவ்வளவு போச்சு தெரியுமா?" என்பார் இவர். "சார், யூடியூப் ஓடுது பாருங்க சார்" என்பார் அவர். போகிற போக்கில் ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் போவார். பிங்காளி கதவைச் சாத்திய கையோடு அதைப் பழைய இடத்திலேயே வைப்பார், அட்டவணையின் தொடர்ச்சி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக.

இத்தனையும் திறமைக் குறைவு என்று நினைப்பவர்கள், பிங்காளியைப் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். "சார், எங்க வீட்ல கால் கட்டாகுது, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்று கேட்டால் போதும், வேறு மனிதராகிவிடுவார். நுழைந்ததும் ரூட்டர் எங்கே என்பார். மீன்தொட்டி கண்ணில் பட்டதும் உதட்டைப் பிதுக்குவார். முதல் ஜன்னலில் 192.168.1.1, இரண்டாவதில் அடுத்த நிலையம், எல்லாம் முறைப்படி. காபி ஆறுவதற்குள் வைஃபைதான் என்று சொல்லி, சேனலை மாற்றி, கேமராவின் மேலேற்றத்தைக் குறைத்துவிட்டு எழுந்துவிடுவார். செங்கடல் என்ற பேச்சே வராது. அங்கே குற்றவாளி வீட்டுக்குள் இருப்பதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லையே. ஆகவே நடைமுறைத் தீர்வு ஒன்று உண்டு: குடியிருப்புக்கு ஒரு பிங்காளி போதாது, இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வீட்டை மற்றவர் சோதிக்க. சங்கக் கூட்டத்தில் இதை யாராவது முன்மொழிந்து பார்க்கலாம். ஆனால் சோதனைக்கு 8.8.8.8-ஐ வைப்பதா 1.1.1.1-ஐ வைப்பதா என்பதிலேயே இருவருக்கும் முட்டிக்கொள்ளும். தண்ணீர் லாரி பாக்கியைப் பற்றிப் பேச அன்றைக்கு நேரமிருக்காது.